மூன்றே கால்

வால்பரைசோவில் சமதரை
கடலுக்கு மட்டும்தான்.
அதுவும் காற்றில்லாத நாளில்.

முதல் பருவத்தில் ஒரு விளக்குச் செய்தேன்.
செம்புத் தகடு, நூற்றுப் பதினாறு மடிப்பு.
மேசைமேல் வைத்ததும் வகுப்பே மூச்சடக்கியது.
"சுவிட்ச் எங்கே?" என்றான் கஸ்பார்.
அடியில், என்றேன்.
கவிழ்த்தால்தான் எரியும்.
கவிழ்த்தால் மடிப்பு நசுங்கும்.
மதிப்பெண் நன்றாகவே வந்தது.
இன்றும் என் அறையில் இருக்கிறது,
அழகாக, அணைந்து.

அடுத்த பருவம், குலுக்கலில் மூவர்:
நான், கஸ்பார், எலூனே.
குன்றேறும் இருநூற்று ஏழு படியில்
பாதி வழியில், திருப்பத்தில்,
உட்கார ஓர் இடம் செய்யச் சொன்னார்கள்.

நான் கணினியில் படி வரைந்தேன்.
எல்லாப் படியும் பதினேழு சென்டிமீட்டர்.
எலூனே மழையில் மண்டியிட்டு அளந்துவந்தாள்:
பதினைந்து, பத்தொன்பது, பன்னிரண்டு,
மஞ்சள் கதவு வீட்டுக்கு முன்னால் இருபத்து மூன்று.
யார் இப்படிக் கட்டியது?
"பல பேர்," என்றாள்,
"வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில்."

நாற்காலி என்றால் நாலு கால்,
நாலும் ஒரே நீளம்.
நான் பிடித்த முயல் அப்படி.
படியை வேண்டுமானால் சிமெண்ட் போட்டுச் சமமாக்கலாம் என்றேன்.
எலூனே சிரிக்கவில்லை.
தாளை எனக்குத் தெரியாமல் மடித்து
பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பட்டறையில்
என் மாதிரிக்கு ஒரு கால் குட்டை.
நாற்பத்தைந்தில் முப்பத்து நாலு போய்
கையளவு கட்டை தொங்கிக்கொண்டிருந்தது.
"காலை வாரிவிட்டாயே!" என்று கத்தினேன்.
"வாரவில்லை. அறுத்தேன்," என்றான் கஸ்பார்.
அவன் முகத்தில் கேலி இல்லை,
புருவமெல்லாம் மரத்தூள்.

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
பசை தீர்ந்த செய்தியைக்கூட
எலூனேதான் மூன்றடி தூரம் சுமந்து
என்னிடமிருந்து அவனுக்குக் கொண்டுபோனாள்.
பிறகு அவளுக்கும் அலுத்தது.
மாதிரியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
குடைபோல் பிடித்து
மழையில் இறங்கிப் போனாள்.

திட்டலாமென்றுதான் பின்னால் போனேன்.
திருப்பத்தில், விசிறிபோல் விரியும் படிகளில்
அது நின்றுகொண்டிருந்தது.
மூன்று கால் கீழே ஒரே படியில்.
நாலாவது, கால்வாசிக் கால்,
இரண்டு படி மேலே.
மூன்றேகால் கால்.
உட்கார்ந்தேன். ஆடவில்லை.
வலம் சாய்ந்தேன், இடம் சாய்ந்தேன்,
வேண்டுமென்றே குதித்தேன்.
ஆடவே இல்லை, சனியன்.

ஆனால் பலகை விளிம்பு
முழங்காலுக்குப் பின்னால் கடித்தது.
அதை அவர்கள் இருவரும் கவனித்திருக்கவில்லை.
அன்றிரவு விளக்கின் அருகில் உட்கார்ந்து
நூற்றுப் பதினாறில் ஒரே ஒரு மடிப்பை
மரத்துக்காக வரைந்தேன்.
காலையில் கஸ்பாரிடம் நீட்டினேன்.
வாங்கிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
தன் ரொட்டியில் பாதியை என் பக்கம் தள்ளினான்.
அதில் அவகாடோ அதிகம், உப்பு இல்லை.

மதிப்பீட்டு நாள்.
நடுவர் மூவரும் குடையும் குறிப்பேடுமாய் நிற்க,
"முழங்காலின் ஓய்வு" என்று தொடங்கினேன்.
கீழிருந்து மூச்சிரைப்பு கேட்டது.
தோளில் எரிவாயு உருளை சுமந்து ஒருவர் ஏறி வந்தார்.
எங்களைப் பார்க்கவேயில்லை.
உருளையை இருக்கைமேல் வைத்தார்.
தான் உட்காரவில்லை.
கழுத்தை இரண்டு பக்கமும் முறித்து,
கடலை ஒருமுறை பார்த்து,
குனியாமலே திரும்பத் தோளில் ஏற்றினார்.
"நல்ல உயரம்," என்றார்,
"இன்னும் ஒரு சாண் இருந்தால் தேவலை."

என் பேச்சு அத்தோடு நின்றது.
தாளில் 'உட்கார' என்பதை அடித்துவிட்டு
'இறக்கிவைக்க' என்று எழுதினேன்.
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி போட்டான் கஸ்பார்.
எலூனே எங்கே என்று தேடினால்
நடுவர்களை இடித்துக்கொண்டு
டேப்பை இழுத்தபடி மேலே ஓடிக்கொண்டிருந்தாள்:
"ஐயா, ஒரு நிமிஷம்,
தோள் உயரம் மட்டும்!"